நன்றாயிருக்கிறது என்று சொன்னால் வீடு வந்து சேரும்

மொட்டை மனு வந்தால் கிழித்துக் கூடையில் போட வேண்டும் என்பது விதி. என் உத்தியோக காலத்தில் அந்த விதியின்படி கூடைக்குப் போன மனு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போட்டு வந்த மனுவை ஆறு மாதம் யாரும் தொடமாட்டார்கள். கையெழுத்தில்லாமல் ஒன்று வந்துவிட்டால் காப்பியை ஆறவிட்டுப் படிப்பார்கள்.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்கு அப்படி ஒரு மனு, ‘விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்ற குறிப்போடு மேலிடத்திலிருந்து இறங்கி வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். ஓய்வு பெற்றவனிடமும் விளக்கம் கேட்க வழி இருக்கிறது. அந்த வழி எந்தப் பிரிவில், எந்த உட்பிரிவில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஓட்டு வீட்டில் குடியிருக்கும் வெள்ளைக்கார மிஷனரியும் அவர் மனைவியும் ஊராருக்குப் பொருள் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பது மனுவின் சாரம். கொடுத்த பொருள்களுக்குப் பட்டியலும் இருந்தது. ஒன்று, சுவர்க் கடிகாரம். இரண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி. மூன்று, மழைக் கோட்டு. நான்கு, வான்கோழி.

அந்தத் தம்பதி இங்கே தங்குவதற்கான அனுமதி அந்த வருடத்தோடு முடிகிறது. நீட்டித்துத் தரச் சொல்லி அவர்கள் கொடுத்த விண்ணப்பமும் மேலிடத்தில் இருந்தது. எங்கள் அறிக்கை பாதகமாகப் போனால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூட்டை கட்டி எங்கே போவது என்பதுதான் கேள்வி. இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். பசிபிக் சமுத்திரத்தில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை கப்பல் எட்டிப் பார்க்கும் ஒரு தீவில் இருபத்தாறு வருடம் ஊழியம் செய்தவர்கள். அவர்களை அனுப்பிய சங்கம் அந்தத் தீவு வேலையை மூடியபோது சொந்த ஊருக்குத் திரும்ப மறுத்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கல்லறையில் இருந்தார்கள். குளிராத இடமாகப் பார்த்து அனுப்புங்கள் என்று கேட்டார்களாம். மே மாதத்தில் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் மாறிய யாரோ ஒருவர் அந்தச் சங்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இங்கே வந்து அவர்கள் செய்த ஊழியம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரியவர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேருக்குப் பிரசங்கம் செய்வார். அதில் ஐந்து பேர் தூங்குவார்கள். ஏற்கெனவே கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள்தான், ஆகையால் நிம்மதியாகத் தூங்கினார்கள். அம்மாள் வீட்டு முன்கூடத்தில், சூளையில் சுட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு மருந்து போட்டுக் கட்டுவார்.

எங்கள் அதிகாரி மனுவை என்னிடம் நீட்டினார்.

“நீதான் எல்லா ரூலும் தெரிஞ்ச ஆளாச்சேய்யா. நீயே போயி விசாரிச்சிட்டு வா.”

“சார், அதுல ஒரு சின்ன…”

“இன்னா சின்ன?”

“ஒண்ணுமில்லீங்க சார்.”

சின்னது என்று நான் சொல்ல வந்தது அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பால்காரரைத் துரத்திக்கொண்டிருந்தது. விசாரணை செய்யப் போகிறவனும் நான்தான், நான்காவது உருப்படியை வைத்திருப்பவனும் நான்தான்.

அது எங்களிடம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்புக்கான படிவத்தை நிரப்பத் தெரியாமல் அந்தப் பெரியவர் திண்டாடியபோது நான் போய் நிரப்பிக் கொடுத்தேன். புறப்படும்போது முற்றத்தில் வான்கோழி உலாத்திக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் எதையாவது மெச்சிவிட்டு வருவது நம்முடைய மரியாதை. “கோழி கம்பீரமா இருக்குதுங்க” என்றேன். மறுநாள் காலை அது கூடையில் உட்கார்ந்து, பெரியவரின் சைக்கிளில், கம்பீரமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கோப்பிலும் பதிவு செய்ய முடியாது.

“ஏங்க, இத இன்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ணவேணாம். இருக்கட்டும்.”

“எவ்ளோ நாளைக்கி?”

“அதுக்கா தோணுற வரைக்கும்.”

அரசு ஊழியன் வெளிநாட்டவரிடம் பரிசு பெற்றால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத்தான் உட்கார்ந்தேன். ‘பொருளின் தன்மை’ என்று ஒரு கட்டம் இருந்தது. முன்கோபி என்று எழுதலாமா, பறவை என்று மட்டும் எழுதலாமா என்று யோசித்ததில் ஐந்து மாதம் போய்விட்டது. அதற்குள் வான்கோழிக்கும் என் மனைவிக்கும் சிநேகம் முற்றி, அவள் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அது யாரையும் அண்டவிடாமல் காவல் காக்க ஆரம்பித்திருந்தது. யாரையும் என்பதில் நானும் அடக்கம்.

விசாரணையை முதல் உருப்படியிலிருந்து தொடங்கினேன். கடிகாரம் ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் மாட்டியிருந்தது. டீக்கடைக்காரர் எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“தொரை உங்ககிட்ட மதத்தப் பத்தி ஏதாவது பேசினாரா?”

“பேசினாரு சார்.”

பேனாவைத் திறந்தேன். “இன்னா பேசினாரு?”

“பழமலைநாதர் கோயிலு தேரு எந்தப் பக்கமா வரும், நின்னு பாக்க நெழலு எங்க இருக்குதுன்னு கேட்டாரு.”

பேனாவை மூடினேன். “பின்ன கடிகாரத்த எதுக்குக் குடுத்தாரு?”

“கையில வெந்நி ஊத்திக்கினு மருந்து போட்டுக்கப் போனேன் சார். சும்மா குந்தினு இருக்கக் கூடாதேன்னு, கடியாரம் ஜோரா இருக்குதுங்கன்னேன். தொரை ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டி மடியில வெச்சிட்டாரு. வேணாங்க வேணாங்கன்னேன். அவரு மொகமே சுண்டிப் பூடுச்சி.”

“சரி, அப்புறம்?”

“அப்புறம் இன்னா சார், அவரு மனசு நோகக் கூடாதில்ல? ஸ்டூலும் நல்லா உறுதியா இருக்குதுங்கன்னு சொன்னேன்.”

நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தேன். உறுதியாகத்தான் இருந்தது.

கண்ணாடி வைத்திருந்தவள் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் பெண். அவளுக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை.

“நான் கண்ணாடிய ஒண்ணும் சொல்லல சார். அதுல என் மொகத்தப் பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குதுன்னேன். அம்மா உடனே எடுத்துக் குடுத்துட்டாங்க.”

“வேற ஏதாவது மாறச் சொன்னாங்களா?”

“வர்ணம் அடிக்கிறப்ப மூக்குல துணி கட்டிக்கச் சொன்னாங்க. அது எந்த மதம் சார்?”

மழைக் கோட்டு ரயில்வே கேட்காரரிடம் இருந்தது. கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டு, கழுத்துவரை பட்டனும் போட்டுக்கொண்டு நின்றார். அந்த நிலையில் ஒருவரை விசாரிக்க எந்த விதியும் என்னை வற்புறுத்த முடியாது.

நேராக அந்தத் தம்பதியிடம் போனேன். பெரியவர் ஒரு முன்ஷியிடம் புத்தகத் தமிழ் படித்தவர். காக்கையை விரட்டினாலும் “தயவுசெய்து போங்கள்” என்பார்.

“வாருங்கள், உட்காருங்கள்” என்றவர் கையைப் பிசைந்தார். “நாற்காலி இல்லை. நேற்று ஒருவர் அதைப் புகழ்ந்தார்.”

பாயில் உட்கார்ந்தேன். மனுவைப் பற்றிச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அம்மாள் சொன்ன விவரம் இது.

அந்தத் தீவில் ஒருவர் வீட்டுப் பொருளை இன்னொருவர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவனோடு யாரும் பேசமாட்டார்கள், மீன் தரமாட்டார்கள். இவர்கள் போய் இறங்கிய முதல் வாரம் பெட்டிகளைத் திறந்ததும் ஊரே வந்து ஒவ்வொன்றாகப் புகழ்ந்தது. இவர்கள் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டுப் பொருள்களை உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதன்பின் இரண்டு மாதம் தேங்காயைத் தவிர வேறு சாப்பாடில்லை. விஷயம் புரிந்ததும் எல்லாவற்றையும் கொடுத்தார்கள். ஆனால் போனது போனதில்லை. இவர்கள் போய்ப் புகழ்ந்தால் பாய் வரும், பன்றி வரும். பொருள்கள் மாடு மேய்கிற மாதிரி தீவைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். இவர்களுடைய தேநீர்க் கெண்டி ஒன்பது வருடம் கழித்து, மூக்கு உடைந்து, இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்ததாம்.

“இங்கே எதுவும் திரும்பி வருவதில்லை” என்றார் பெரியவர். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்வதில்லை என்பதைப் போலச் சொன்னார்.

“நீங்களும் போய் எதையாவது நல்லா இருக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ஐயோ!” என்றார் அம்மாள். “பாவம், ஏழைகள். கொடுக்கும்படி ஆகிவிடுமே.”

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. எங்களுக்குப் பெண் பிறந்து மூன்றாம் மாதம் அம்மாள் பார்க்க வந்திருந்தார். குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். “எம் புள்ள அவங்க கண்ணுக்கு அவ்ளோ சப்பையாவா தெரியுது?” என்று என் மனைவி ஒரு வாரம் என்னிடம் கேட்டாள்.

அதைச் சொன்னேன். அம்மாள் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“தீவில் ஒரு முறை, ஒரு குழந்தையை அழகு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். பதினோரு வருடம் வளர்த்தோம்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவன் தாய் வந்தாள். அழகாக வளர்ந்திருக்கிறான் என்று சொன்னாள்.”

மேற்கொண்டு கேட்க என்னிடம் படிவம் எதுவும் இல்லை.

முதலில் என் கையிலிருந்த உருப்படியைக் கழிக்க வேண்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கிறேன் என்றதும் பெரியவர் பதறிவிட்டார். அந்தத் தீவில் அதற்குச் சண்டை என்று அர்த்தம். முறையான வழி ஒன்றுதான் உண்டு. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து வான்கோழியைப் புகழ வேண்டும், நான் கொடுக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் நடைமுறைகளோடு குடித்தனம் செய்த எனக்கே இது கொஞ்சம் சுற்றுவழியாகத்தான் பட்டது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் மாலை இருவரும் வந்தார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வான்கோழியின் முன் நின்று, அதன் கழுத்து, நடை, குரல் மூன்றையும் தனித்தனியாகப் புகழ்ந்தார். நான் “எடுத்துக்குங்க” என்றேன். என் மனைவி நகரவில்லை.

“ஏங்க, அது நம்ம வூட்டுல பழகிடுச்சிங்க. அங்க போயி ஏங்கிப் பூடும்.”

“குடுத்துத்தான் ஆகணும். ரூலு.”

“கெவுருமெண்டு ரூலா?”

“தீவு ரூலு.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கூடையில் ஏற்றினாள். பிறகு, நான் சொல்லி வைத்திருந்தபடி, குழந்தையைக் கொண்டுவந்து அம்மாள் மடியில் போட்டாள். அம்மாளின் கை தானாக வாயைப் பொத்தியது.

“சொல்லுங்கம்மா” என்றாள் என் மனைவி. “நீங்க இன்னா சொன்னாலும் நான் குடுக்கமாட்டேன். தாராளமா சொல்லுங்க.”

“நிச்சயமாகக் கொடுக்கமாட்டாயா?”

“செத்தாலும் குடுக்கமாட்டேன்.”

அம்மாள் ஆரம்பித்தார். காது, மூக்கு, கால் கட்டைவிரல் என்று ஒன்று விடவில்லை. தமிழ் தீர்ந்ததும் தீவுப் பாஷையில் தொடர்ந்தார். கண்ணில் தண்ணீர் ஓடியதே தவிரப் பேச்சு நிற்கவில்லை. அவர்கள் போனதும் என் மனைவி மூன்று நடை உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஆனால் சந்தோஷமாகப் போட்டாள்.

நான்காவது உருப்படி ஒழிந்தது என்று அறிக்கை எழுத உட்கார்ந்தேன். அதற்குள் எங்கள் அதிகாரி, “நாளைக்கி நானே நேர்ல வந்து பாக்குறேன்யா” என்றார்.

அவர் அங்கே போகக் கூடாது. காரணம், அந்தத் தீவின் வழக்கம் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. அங்கே யார் வேண்டுமானாலும் எதையும் புகழலாம், இங்கே அதிகாரி மட்டும் புகழ்வார் என்பதுதான் வித்தியாசம். எங்கள் அதிகாரி சேத்தியாத்தோப்புப் பக்கம் முகாம் போய் ஒரு பூசணிக்காயைப் பார்த்து “அடேயப்பா” என்றால், அவர் திரும்பி வருவதற்குள் பூசணிக்காய் அவர் வீட்டில் இருக்கும். மிஷனரி வீட்டில் ஒரு வால்வு ரேடியோ பாக்கி இருந்தது. அதிகாரி அதைப் பார்ப்பார், புகழ்வார். பெரியவர் அதே நிமிடம் கழற்றிக் கொடுப்பார். மனு எழுதிய புண்ணியவான் ஐந்தாவது உருப்படியோடு அடுத்த மனுவை எழுதுவான். பிறகு நீட்டிப்பாவது மண்ணாவது.

பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அதிகாரி எது கேட்டாலும் குடுக்காதீங்க.”

“கேட்டால் கொடுக்காமல் இருக்கலாம். புகழ்ந்தால் எப்படி ஐயா?” என்றார் பெரியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “தீவில் தலைவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. நல்ல பொருள்களை எல்லாம் புதருக்குள் ஒளித்துவைத்துவிடுவார்கள். தலைவருக்கும் தெரியும். அது மரியாதைக் குறைவு ஆகாது” என்றார்.

விருத்தாசலத்தில் அவ்வளவு பெரிய புதர் ஏது? டீக்கடைக்காரர் தள்ளுவண்டியோடு வந்தார். ரேடியோ டீக்கடைக்குப் போனது. பாத்திரங்களும் விளக்கும் வர்ணம் தீட்டும் பெண் வீட்டுக்குப் போயின. படுக்கை கேட் அறைக்குப் போனது. வான்கோழி மறுபடியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. “நான்தான் சொன்னேனே” என்றாள் என் மனைவி. என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை, நான் கேட்கவுமில்லை.

மறுநாள் இரண்டு மணி வெயிலில் எங்கள் அதிகாரி வந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பாய், ஒரு மண்பானை, ஒரு ஜன்னல். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

“என்னய்யா, இவங்க ஊருக்குக் குடுக்குறாங்களா? இவங்களுக்கு ஊரு குடுக்கணும் போலருக்குதே.”

“அதைத்தான் சார் அறிக்கையில எழுதலாம்னு…”

பாயில் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தால் அவர் கண் மட்டும் புகழ எதையாவது தேடிக்கொண்டே இருந்தது. பானையைப் பார்த்தார், வாயில் விரிசல். பாயைப் பார்த்தார், கிழிசல். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு நிமிடம் தாண்டினால் எழுந்துவிடுவார். அப்போது மணிமுத்தாற்றுப் பக்கமிருந்து ஜன்னல் வழியாக ஒரு காற்று வந்தது. அவர் சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்தார்.

“ஆகா” என்றார். “காத்து ரொம்ப நல்லா இருக்குதுங்களே.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பெரியவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஜன்னலைக் காட்டினார்.

“எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. இனி அது உங்களுடையது.”

சொன்னதோடு நிற்கவில்லை. கொடுத்த பொருளை வைத்துக்கொள்ளக் கூடாதல்லவா? மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய், வெயிலில், எதிரே குவித்திருந்த களிமண் மேட்டின் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

“எங்கய்யா போயிட்டாங்க?”

“நீங்க காத்து வாங்குறதுக்குத் தோதா, சார்.”

“நல்ல மனுசங்கய்யா” என்று சொல்லிப் பாயில் சாய்ந்தார். நான்கு மணிக்குத்தான் எழுந்தார். காற்று அசையும் சொத்தா, அசையாச் சொத்தா, அதைப் பெற்றுக்கொண்ட அதிகாரி யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிப் புத்தகங்களை அன்றிரவே புரட்டிப் பார்த்தேன். ஒரு விதியும் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மே மாதத்தில் விருத்தாசலத்துக்கு வந்திருக்க மாட்டார்கள்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். தம்பதி வெளியேறினால் வீடு பூட்டப்படும், வீடு பூட்டப்பட்டால் ஜன்னலும் பூட்டப்படும் என்பதை நான் பேச்சுவாக்கில் ஒருமுறை சொன்னேன். அதன்பின் அறிக்கையை நான் எழுத வேண்டியிருக்கவில்லை. அவரே எழுதினார். நேரில் சென்று பார்த்ததில் வீட்டில் கொடுப்பதற்கு எதுவுமே இல்லை என்றும், மனு முழுப் பொய் என்றும், இவர்கள் இங்கே தொடர்ந்து தங்குவது பொதுநலனுக்கு உகந்தது என்றும் ஒன்றரைப் பக்கம். நான் அரைப்புள்ளிகளை மட்டும் திருத்தினேன்.

ஒரு வருட நீட்டிப்பு உத்தரவு ஒரு மதியம் வந்தது. அதை அவர்களிடம் கொடுப்பதற்கு அதிகாரியின் ஒப்பம் வேண்டும். அலுவலகத்தில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியுமாதலால் உத்தரவோடு தொழிற்பேட்டைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் இருவரும் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாள் உத்தரவை வாங்கி இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது முறையும் படித்தார்.

“ஒரு கையெழுத்து பாக்கி இருக்குது” என்றேன்.

“அவர் தூங்குகிறார்” என்றார் பெரியவர். ஜன்னல் வழியாகக் குறட்டை தெளிவாகக் கேட்டது. “எழுப்ப வேண்டாம். அது அவருடைய காற்று.”

மணி இரண்டே கால் ஆகியிருந்தது. அம்மாள் குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்தார். மூன்று பேருமாக நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.